அடிவயிற்றால் குடிக்கும் உயிர்

கட்டிலை நகர்த்திக் கூட்டிக்கொண்டிருந்தபோது, சுவரோரத்தில் ஒட்டடையும் தலைமுடியும் சுற்றிக்கொண்ட நிலையில் காய்ந்த பழத்தோல் போன்ற ஒன்று துடைப்பத்தில் சிக்கியது. அதை முறத்தில் தள்ளிய பிறகுதான் அதற்கு நான்கு கால்கள் இருப்பதைக் கவனித்தேன். கட்டைவிரல் அளவுள்ள ஒரு மரத்தவளை. தோலின் மினுமினுப்பு முழுவதும் போய், சாம்பலும் பழுப்புமாய் நிறம் மங்கி, முதுகில் சுருக்கங்கள் விழுந்து, இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. கண்கள் பள்ளத்தில் இறங்கியிருந்தன. பின்னங்கால்கள் உடலோடு மடங்கியிராமல் பின்னோக்கி நீண்டு கிடந்தன. வீட்டில் இருந்தவர்கள் அது செத்து நாளாகிவிட்டது, எடுத்துப் போட்டுவிடு என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் முறத்தோடு வாசல் வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்படி நின்றதற்குக் காரணம் பல ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு தவளை. அதைக் குளியலறைக் கதவின் பின்னால் பார்த்தபோது உடல் வற்றிப்போயிருந்தது. ஆனால் கால்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. தவளை என்றால் தண்ணீரில் வாழ்வது, வாடிய தவளைக்குத் தண்ணீர்தான் வேண்டும் என்ற எண்ணத்தில், ஒரு குவளை நிறைய நீர் பிடித்து அதனுள் அதை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது கைகால்களைத் தொங்கவிட்டபடி அது நீரில் மிதந்துகொண்டிருந்தது. எப்படியும் பிழைத்திருக்காது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளர்ந்த தவளைக்கு நுரையீரல் உண்டு என்பதையும், மூக்குத் துளைகளை நீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளத் தெம்பில்லாத தவளை நீரில் மூழ்கியே இறக்கும் என்பதையும் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தவளை வறட்சியால் சாகவில்லை. நான் பிடித்து வைத்த நீரில் மூழ்கிச் செத்தது. அதன் பிறகு தவளைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைப் பயன்படுத்த இத்தனை ஆண்டுகள் கழித்து ஒரு வாய்ப்பு வரும் என்று நினைத்திருக்கவில்லை.

முறத்தைத் தரையில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, தொண்டையை மட்டும் பார்த்தேன். தவளைக்கு விலா எலும்புக் கூடும் இல்லை, நம்மைப் போல் மார்பை விரித்துக் காற்றை உள்ளே இழுக்கும் உதரவிதானமும் இல்லை. வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கித்தான் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. ஆகவே உயிருள்ள தவளையின் தொண்டைத் தோல் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். இதன் தொண்டையில் எந்த அசைவும் இல்லை. கண்ணின் ஓரத்தை ஈரமான பஞ்சு நுனியால் தொட்டேன்; இமைக்கவில்லை. பின்னங்கால் விரலை லேசாக அழுத்தினேன், இழுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவையும் வைத்து முடிவு கட்டியிருந்தால் அது குப்பைக்குத்தான் போயிருக்கும். ஆனால் தவளைக்கு மூச்சு நின்றது போலத் தோன்றிய பிறகும் இதயம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதைப் படித்திருந்தேன். ஈரக் கையால் அதைச் சற்றே புரட்டி, முன்னங்கால்களுக்கு நடுவே மெல்லிய தோலுக்கு அடியில் இதயம் இருக்கும் இடத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு முறை, என் கண்ணின் மயக்கமோ என்று ஐயப்படும் அளவுக்கு, அந்த இடம் மேலெழுந்து தாழ்ந்தது. இன்னொன்றுக்காகக் காத்திருந்தேன். அதுவும் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்த தவளை ஏன் இப்படிக் காய்ந்துபோகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விளக்கைச் சுற்றும் பூச்சிகளைத் தேடியோ, கழிவுநீர்க் குழாயின் ஈரத்தை நாடியோ அது உள்ளே வருகிறது. வந்த வழி பல நேரங்களில் அடைபட்டுவிடுகிறது. நம் தோலின் மேற்பரப்பில் இறந்த உயிரணுக்கள் அடுக்கடுக்காய் அமைந்து நீரை உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. தவளைத் தோலில் அப்படிப்பட்ட காப்பு மிக மெல்லியது. பெரும்பாலான தவளைகளின் உடலிலிருந்து நீர் ஆவியாகும் வேகம், திறந்து வைத்த ஒரு தட்டிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமானது. அந்தத் தோல் வழியாகவும் அது மூச்சு விடுகிறது என்பதால், மூச்சுக்குத் தோல் ஈரமாய் இருந்தாக வேண்டும். ஈரமாய் இருந்தால் நீர் போய்க்கொண்டே இருக்கும். வெளியில் இருக்கும்போது இரவுப் பனியும் ஈர மண்ணும் இலையடிக் குளிர்ச்சியும் இந்த இழப்பை ஈடுசெய்துவிடுகின்றன. வீட்டுக்குள் உலர்ந்த தரையும் மின்விசிறிக் காற்றும்தான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஈரத் தோலில் தரையின் தூசியும் நூல்துணுக்கும் முடியும் ஒட்டிக்கொண்டு, தோல் உலர உலர அவை பூச்சுப் போல இறுகிவிடுகின்றன. நீரைக் காப்பாற்றிக்கொள்ளத் தவளை செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைகால்களை உடலோடு ஒட்ட மடக்கி, தாடையைத் தரையில் பதித்து, காற்றுப் படும் பரப்பைக் குறைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். சுவரிலோ கதவு நிலையிலோ நாள் முழுவதும் உருண்டையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கால்களை நீட்டிவிட்டுக் கிடக்கும் தவளை அந்த முயற்சியைக்கூடத் தொடர முடியாத கட்டத்துக்குப் போய்விட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

உடலில் நீர் குறையக் குறைய இரத்தம் கெட்டியாகிறது. கெட்டியான இரத்தத்தைத் தள்ள இதயம் திணறுகிறது. உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. ஆனாலும் இதைத் தாங்குவதில் தவளை நம்மைக் காட்டிலும் எவ்வளவோ வலிமையானது. மனிதன் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. தவளை இனங்கள் பலவற்றால் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்தும் மீள முடியும். வறண்ட நிலங்களில் வாழும் சில இனங்கள் அதைவிடவும் கூடுதலாகத் தாங்கும். காய்ந்த தோற்றத்தை மட்டும் பார்த்து அது செத்துவிட்டது என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அதைக் கையில் எடுக்காமல் முறத்தோடே கொண்டுபோனேன். சாதாரணமாகத் தவளையைப் பிடித்தால் அது கையில் நீரைப் பீச்சிவிட்டுத் துள்ளும். அந்த நீரை வெறும் கழிவு என்று நினைத்து நாம் கையை உதறுகிறோம். தவளையின் சிறுநீர்ப்பை உண்மையில் அதன் தண்ணீர்த் தொட்டி. மிகவும் நீர்த்த சிறுநீரை அதில் தேக்கி வைத்துக்கொண்டு, வறட்சி வரும்போது அதையே மீண்டும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. வாடிய தவளையைத் தேவையில்லாமல் தூக்கிப் பயமுறுத்தினால், மிச்சமிருக்கும் சேமிப்பையும் அது இழந்துவிட வாய்ப்புண்டு. இந்தத் தவளையிடம் அப்படி ஒரு சேமிப்பு மிஞ்சியிருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நான் துணியத் தயாராக இல்லை.

எந்த நீர் என்பதே அடுத்த கேள்வி. குழாயிலிருந்து நேராகப் பிடித்த நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கும். நம் குடலுக்கு அது பொருட்டில்லை, ஆனால் தோலாலேயே குடித்துத் தோலாலும் மூச்சு விடும் உயிருக்கு அது தீங்கானது. திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் சேர்க்கப்பட்ட நீராயிருந்தால் அப்படி வைப்பதால் பயனில்லை, அதை நீக்க மருந்து வேண்டும். நல்ல வேளையாக, எங்கள் குழாயில் வருவது குளோரின் சேர்த்த நீர்தான் என்பது எனக்கு முன்பே தெரியும். செடிகளுக்கு ஊற்றுவதற்காக முந்தின நாள் பிடித்து வைத்த நீரும் ஒரு வாளியில் இருந்தது. அதைச் சூடாக்கவும் இல்லை, குளிர்விக்கவும் இல்லை. வாடிய உயிருக்கு வெதுவெதுப்பான நீர் இதமாக இருக்கும் என்று தோன்றுவது நம் உடலை வைத்து நினைப்பதால் வருவது. தவளையின் உடல் சுற்றுப்புற வெப்பத்தையே ஏற்கும். சூடு கூடினால் அதன் உடலின் வேலையும் ஆக்சிஜன் தேவையும் கூடும். அந்தத் தேவையை ஈடுகட்டும் நிலையில் அப்போது அது இல்லை.

உப்புச் சர்க்கரைக் கரைசல் தரலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு அதுதானே உயிர்த்தண்ணீர்? ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, தவளைக்கென்று தன்னிடம் மருந்து எதுவும் இல்லை என்றும், நல்ல நீரைத் தவிர வேறு எதையும் முதலில் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னார். அது சரியான அறிவுரை என்பதை உப்பின் அளவே காட்டுகிறது. மனிதருக்கு ஏற்றும் சாதாரண உப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. தவளையின் உடல்நீருக்கு ஒத்ததாக ஆய்வகங்களில் தயாரிக்கும் கரைசலில் 6.6 கிராம் உப்பும், மிகச் சிறிதளவு பொட்டாசியம், கால்சியம் உப்புகளும், சமையல் சோடாவும்தான் சேர்கின்றன. நமக்குச் சமமான நீர் தவளைக்குக் கரிப்பு நீர். உப்பு மிகுந்த நீரில் வைத்தால், சவ்வூடு பரவலின் விதிப்படி, நீர் தவளைக்குள் போவதற்குப் பதிலாகத் தவளையிலிருந்து வெளியே வரும். நீரிழந்து உடல் திரவம் கெட்டிப்பட்ட தவளையைச் சாதாரண நீரில் வைத்தாலோ, அந்தக் கெட்டித்தன்மையே நீரை வேகமாக உள்ளே இழுக்கும்.

இந்தக் கரைசலின் கதை தவளைக்கும் நமக்கும் இடையிலான ஒரு கடன் கணக்கு என்பதால் அதையும் சொல்ல விரும்புகிறேன். 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தை உப்பு நீரில் துடிக்க வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைப்பதற்குப் பதிலாக அவருடைய உதவியாளர் குழாய் நீரில் கரைத்திருந்தார் என்பதை அவர் பின்னர்தான் கண்டறிந்தார். குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் அந்த இதயத்தை நீண்ட நேரம் துடிக்க வைத்திருந்தது. தூய நீருக்கு மாறியதும் துடிப்பு நின்றுபோனது. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த கரைசலுடன் 1930களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற குழந்தை மருத்துவர் லாக்டேட் என்ற உப்பைச் சேர்த்தார். நீரிழந்து மருத்துவமனைக்குப் போகிறவர்களின் கையில் இன்றும் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் அதுதான். என் மகள் கைக்குழந்தையாய் இருந்தபோது ஒரு முறை அது அவளுக்கு ஏறியிருக்கிறது. அன்று அந்தப் புட்டியின் பெயரைப் படித்துக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருந்தவள் நான். அதில் ஒரு தவளையின் இதயம் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆழமில்லாத ஒரு கண்ணாடித் தட்டில், சோப்பு படாத பருத்தித் துணியை நனைத்து விரித்தேன். துவைத்த துணியில் மிஞ்சும் சோப்பும் தவளைத் தோலை வருத்தும் என்பதால், புதுத் துணியையே பல முறை வெறும் நீரில் அலசி எடுத்தேன். தட்டைச் சற்றே சாய்த்து வைத்து, தாழ்ந்த பக்கத்தில் ஓர் அரை விரற்கடை அளவுக்கு மட்டும் நீர் நிற்கும்படி ஊற்றினேன். எடை காட்டும் சிறு தராசில் தவளையை வைத்தபோது 6.2 கிராம் காட்டியது. பிறகு அதன் அடிவயிறும் தொடைகளும் நீரில் படிய, தாடை உயரமான பக்கத்தில் ஈரத் துணியின் மேல் இருக்க, மூக்குத் துளைகளுக்கு நீர் எந்த விதத்திலும் எட்டாதவாறு கிடத்தினேன். முதுகின் மேல் சில துளி நீரை விட்டேன். தேய்க்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. தட்டை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, காற்றுப் போக இடம் விட்டு மூடி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்தேன்.

பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்த மகள், சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “அம்மா, அது வாயத் திறக்கவே இல்லையே, எப்படித் தண்ணி குடிக்கும்?” என்று கேட்டாள். இதே கேள்வியை 1790களில் ராபர்ட் டவுன்சன் என்ற இயற்கை ஆய்வாளர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் மரத்தவளைகளை வளர்த்தார். அவற்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தார். அவை வாயால் குடிப்பதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் ஈரமான பரப்பில் உட்கார வைத்தால் அவற்றின் எடை கூடிக்கொண்டே போயிற்று. தவளை தோலால்தான் குடிக்கிறது, குடித்ததைச் சிறுநீர்ப்பையில் சேமிக்கிறது என்று அவர் எழுதி வைத்தது இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் நிற்கிறது. உடல் முழுவதும் ஒரே அளவில் நீரை இழுப்பதில்லை. அடிவயிற்றின் பின்பகுதியிலும் தொடைகளின் உட்புறத்திலும் தோல் மெலிந்து, அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பரவியிருக்கும் ஒரு பகுதிதான் நீரை அதிகம் உறிஞ்சுகிறது. அதனால்தான் அதைக் குப்புறக் கிடத்தியிருக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். “அப்போ தொப்பையால குடிக்குதா?” என்றாள். ஆம், அடிவயிற்றால் குடிக்கிறது. நான் கொன்ற அந்த முதல் தவளைக்கும் இவ்வளவுதான் வேண்டியிருந்தது: ஈரத்தின் மேல் ஓர் இடம். அதற்கு மேல் நான் கொடுத்த ஒவ்வொரு துளியும் அதற்குக் கேடாய் முடிந்தது.

முதல் ஒரு மணி நேரத்தில் எந்த மாற்றமும் இல்லை. கால் மணிக்கு ஒரு முறை மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஒவ்வொரு முறை வெளிச்சம் படும்போதும் அதற்கு அச்சமாயிருக்கும் என்று என்னை அடக்கிக்கொண்டேன். இரண்டாம் மணி நேரத்தின் முடிவில் பார்த்தபோது முதுகின் சுருக்கங்கள் சற்றே தளர்ந்திருந்தன. அதை முன்னேற்றமாகக் கொள்ள நான் துணியவில்லை, ஏனென்றால் காய்ந்த இலைகூட நீரில் கிடந்தால் மிருதுவாகும். மூன்றாம் முறை திறந்தபோது, நீண்டு கிடந்த பின்னங்கால்களில் ஒன்று பாதி மடங்கியிருந்தது. நான் மடக்கவில்லை. விளக்கைத் தாழ்த்தித் தொண்டையைப் பார்த்தேன். சீரற்று, இரண்டு துடிப்பும் ஒரு நீண்ட நிறுத்தமுமாக, அந்த மெல்லிய தோல் அசைந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் தூசியையும் முடியையும் அகற்றத் தொடங்கினேன். காய்ந்த நிலையில் இழுத்திருந்தால் தோலும் சேர்ந்து உரிந்திருக்கும். நனைந்த பிறகு பெரும்பாலானவை தாமாகவே கழன்று நீரில் மிதந்தன. அழுக்கு நீரை வடித்துவிட்டு இரண்டு முறை புது நீர் மாற்றினேன். பக்கவாட்டில் ஒட்டியிருந்த நூல்பிசிறைப் பஞ்சு நுனியால் தள்ளினேன். ஒரு முடி மட்டும் வலது பின்னங்காலின் நான்காம் விரலை மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. அதற்கு அப்பால் விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. சிறு இடுக்கியால் ஒரு சுற்றைத் தூக்கி, நகம் வெட்டும் மெல்லிய கத்தரியால் அறுத்து, ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க இருபது நிமிடங்கள் ஆயின. எத்தனையோ நாட்களாக அந்த முடியோடு அது கட்டிலடியில் இழுத்துக்கொண்டு நடந்திருக்க வேண்டும். நீளத்தைப் பார்த்தால் அது என் தலைமுடிதான். கடைசிச் சுற்றை எடுத்தபோது தவளை காலை இழுத்துக்கொண்டது. அந்தச் சிறிய உதறலில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்கு வலித்தது, வலிக்கும் அளவுக்கு அது திரும்பி வந்திருந்தது.

இரவு பெட்டியின் அருகிலேயே பாய் விரித்துப் படுத்தேன். கல்லினுள் தேரைக்கும் கருப்பை உயிருக்கும் படியளக்கும் இறைவன் என்று சிறு வயதில் கேட்ட சொற்கள் நினைவில் சுற்றிக்கொண்டிருந்தன. பாறையை உடைத்தால் உள்ளே உயிரோடு ஒரு தேரை இருக்கும் என்ற நம்பிக்கை உலகின் பல மூலைகளிலும் இருந்திருக்கிறது. 1825ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பக்லாண்ட் என்ற நிலவியல் அறிஞர் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். சுண்ணாம்புக்கல்லிலும் மணற்கல்லிலும் குழிகள் குடைந்து, 24 தேரைகளை அவற்றுள் அடைத்து, தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது இறுகிய மணற்கல்லுக்குள் இருந்தவை அனைத்தும் இறந்திருந்தன. நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்த பெரிய தேரைகளில் சில உயிரோடு இருந்தன. உயிரோடு இருந்தவற்றை மீண்டும் அடைத்துப் புதைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் மடிந்தன. சோதனை கொடுமையானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஓராண்டு கல்லறைக்குள் கிடந்து உயிரோடு வெளியே வந்த அந்தத் தேரைகளின் நினைவை அன்றிரவு நான் நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டேன். என் தவளை கட்டிலடியில் கிடந்தது சில நாட்கள்தான்.

விடியற்காலையில் பெட்டியைத் திறந்தபோது அது தட்டில் இல்லை. பதறிப்போய்த் தேடினேன், பெட்டியின் பக்கச்சுவரில், நான்கு கால்களையும் உடலோடு மடக்கி, உருண்டையாய் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்கள் மேடேறியிருந்தன. நிறம் தேன் போலத் தெளிந்து, முதுகில் விளக்கொளி வழுக்கியது. தராசில் வைத்தபோது 9.1 கிராம். அதையே அதன் முழு எடை என்று கொண்டால், நேற்றுக் காலை அதன் உடலில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் இருந்திருக்கிறது. தராசிலிருந்து எடுத்தபோது என் உள்ளங்கையில் நீரைப் பீச்சியது. தொட்டியில் சேமிக்கும் அளவுக்குக் குடித்திருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு நிறைவு. அதைச் செலவழிக்க வைத்துவிட்டேனே என்று உடனே ஒரு வருத்தம். மீண்டும் ஈரத் துணியின் மேல் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன். தவளைகளின் தோலில் நமக்கு எரிச்சல் தரும் சுரப்புகளும் கிருமிகளும் இருக்கக்கூடும் என்பதால், தொடும் முன் அதன் நலத்துக்காகவும் தொட்ட பின் நம் நலத்துக்காகவும் கை கழுவத்தான் வேண்டும்.

அன்று பகல் முழுவதும் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். உணவு கொடுக்கவில்லை. பூச்சி பிடித்துப் போடுவதாக மகள் எவ்வளவோ மன்றாடினாள். ஆனால் நீர் வற்றியிருந்த உடலுக்குச் செரிமானம் சுமைதான், ஒரு நாள் பசியைத் தவளை எளிதாகத் தாங்கும். கறுத்த விரல் நுனி உதிர்ந்துவிடும் என்று தோன்றியது. அதைத் தவிர வேறு காயம் தென்படவில்லை. நண்பகலில் அது தன் தோலை உரிக்கத் தொடங்கியது. வாயைத் திறந்து திறந்து மூடி, முதுகை வளைத்து, முன்னங்கால்களால் மெல்லிய படலத்தை முன்னோக்கி இழுத்து வாய்க்குள் தள்ளிக்கொண்டது. பழைய தோலைத் தின்பது தவளைகளின் இயல்பு. அந்தத் தோலோடு, என்னால் எடுக்க முடியாத கடைசித் தூசிப் படலமும் போனது.

வளர்ப்பதாக மகள் கேட்டதற்கு மறுத்துவிட்டேன். தொலைவிலுள்ள குளத்தில் கொண்டுபோய் விடலாம், அங்கே நீர் நிறைய இருக்கும் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் ஒரு பூஞ்சை நோய் 1990களின் இறுதியில் கண்டறியப்பட்டது. அது தோலைத் தாக்கி, தோல் வழியே நடக்கும் உப்புச் சமநிலையைக் குலைத்து, இறுதியில் இதயத்தை நிறுத்துகிறது. ஓரிடத்துத் தவளையை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது அந்த நோயையும் சேர்த்துக் கொண்டுபோவதாக முடியலாம். அது எந்தச் சுவரைத் தாண்டி வந்ததோ அந்தச் சுவருக்கு வெளியேயே விடுவதுதான் சரி.

இருட்டியதும், குளியலறைச் சன்னலுக்கு நேர் கீழே, செடிகளுக்கு நீர் விட்டு ஈரமாயிருந்த மண்ணில் பெட்டியைச் சாய்த்து வைத்தோம். விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டோம். துள்ளி ஓடும் என்று மகள் எதிர்பார்த்தாள். அது மெதுவாக வெளியே வந்தது, நான்கைந்து அடி எடுத்து வைத்தது, ஓர் இலையின் அருகே நின்றது. பின்னங்கால்களைச் சற்றே அகட்டி, அடிவயிற்றை மண்ணோடு மண்ணாகப் பதித்துக்கொண்டு, அப்படியே அசையாமல் இருந்தது. “நடக்க முடியலையா அம்மா?” என்று அவள் பதற்றத்தோடு கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே என் கையைப் பிடித்து இழுத்து, “இல்ல, இல்ல, தண்ணி குடிக்குது” என்றாள்.